மதியச் சாப்பாட்டுக்கும் மாலை டீக்கும் நடுவில்

கோடை வந்துவிட்டால் பெரியவளின் நாள் சன்னலில்தான் தொடங்கும். எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் சன்னல் விளிம்பை ஒரு விரலால் இழுத்துத் துடைப்பாள். விரலில் வெள்ளையாக மாவு போல ஒட்டினால் தீ எங்கோ தூரத்தில் எரிகிறது என்று அர்த்தம். அடுப்பு மூட்டலாம், தலை சீவலாம், வேலைக்குக் கிளம்பலாம். நரம்புகூடக் கலையாத ஒரு கருகிய இலை அங்கே கிடந்தால், மலையின் இந்தப் பக்கத்துக்கே வந்துவிட்டது. அப்போது கதவோரம் தயாராக இருக்கும் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வாள். வீட்டுப் பத்திரம், மகளின் கல்யாணப் படம், ஒரு மாற்றுப் புடவை. பல கோடைகளாக அந்தப் பை அங்கேதான் இருக்கிறது. அதற்கென்று ஒரு ஆணிகூட அடித்தாகிவிட்டது.

ஊரின் கடைசித் தெரு அது, மலைச்சரிவில் இருந்த மேல்தெரு. தெருவின் கடைசி வீடு அவர்களுடையது. பின்வேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்த புல், அதற்கு அப்பால் காடு. அந்த வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர் உண்டு. அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்தபோது எழுப்பியது. சுவர் வைத்த கொத்தனார், "நடுவுல ஒரு கதவு விடட்டுமா, அவசரத்துக்கு ஆகும்" என்று கேட்டார். மருமகள்கள் இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போன கடைசி விஷயம் அதுதான்.

பெரியவள், சின்னவள் என்பது மாமனார் வைத்த பெயர். மருமகள்களை அவர் அப்படித்தான் கூப்பிட்டார், தெருவும் அப்படியே பிடித்துக்கொண்டது. பெரியவளின் புருஷன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் எந்தச் சாலையில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஒரே மகள் கல்யாணமாகி வெகுதூரம் போய்விட்டாள். சின்னவளுக்கு ஒரு பெண் குழந்தை, மூச்சிழுப்பு நோய்க்காரி. சின்னவளின் புருஷன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான்.

ஓரகத்திகளுக்குள் பேச்சு நின்றது ஒரு மரத்தால். பின்பக்கம் ஒரு தைல மரம் நின்றது. பச்சையாக இருக்கும்போதே எண்ணெய்த் திரி போல எரியும் ஜாதி. அதன் இலையும் பட்டையும் கூரையோரத் தகர வாய்க்காலில் விழுந்து நிறையும். காற்றில் ஒரு பொறி வந்து அதில் விழுந்தால் போதும்.

"அதை வெட்டிடலாம்" என்றாள் பெரியவள்.

"குழந்தைக்கு நிழல் அது ஒண்ணுதான். அதுவும் எங்க பக்கம் நிக்குது" என்றாள் சின்னவள்.

"உங்க பக்கம் நிக்குது, என் கூரையில உதிருதே."

"அப்ப கூரையைக் கொஞ்சம் நகர்த்திக்கோங்க அக்கா."

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் பெரியவளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து, அங்கேயே புரையோடிப் போனது. அதற்குப் பிறகு அவளே ஏணி போட்டு ஏறி, வாரம் தவறாமல் அந்த வாய்க்காலை வழித்தாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு மாமனார் நிற்பார்.

அவர் ஆயுள் முழுக்க மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவர். ரம்பச் சத்தம் இரண்டு காதையும் தின்றுவிட்டது. எதிரில் நின்று வாயசைத்தால்தான் புரியும். முழங்கால் வேறு மக்கர். ஆனால் வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"பெரியவளே, என் காது போனதும் நல்லதுக்குத்தான். இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் பேசறதை நான் கேக்கணும்."

"நாங்கதான் பேசறதே இல்லையே மாமா."

"அதைக் கேக்கறதுதான் ரொம்பக் கஷ்டமாம், பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான்."

பெரியவள் ஏணியில் நின்றபடியே சிரிப்பாள். கையில் அள்ளிய சருகு அவர் தலையில் விழும். அவர் கோபித்துக்கொண்டது போல நடிப்பார். பெற்ற தகப்பனை அவள் சிறு வயதிலேயே பறிகொடுத்தவள். அந்த இடத்தில் இந்த மனிதர் எப்போது வந்து உட்கார்ந்தார் என்று அவளுக்கே தெரியாது.

அவரையும் பாகம் பிரித்திருந்தார்கள். ஒரு மாதம் பெரியவள் வீடு, ஒரு மாதம் சின்னவள் வீடு. மாதம் முடியும் நாளில் கை மாறுவார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள், ஊரில் வேறெங்கும் இல்லாத முறை. அனுப்புகிற வீடு மதியச் சாப்பாடு போடும். வாங்குகிற வீடு மாலை டீ கொடுக்கும். அனுப்புகிறவள் அவர் பையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு முன்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள். வாங்குகிறவள் ஆள் மறைந்த பிறகுதான் கதவைத் திறந்து பையை எடுப்பாள். முகத்தில் முகம் படாமல் இருக்க வேண்டுமே, அதற்காக. இடைப்பட்ட நேரத்தில் கிழவர் பின்பக்க மரக் கொட்டகையில் கட்டிலைப் போட்டுத் தூங்குவார். அந்தக் கொட்டகை இரண்டு பாகத்திலும் சேராதது.

"இந்த நேரத்துல மட்டும்தான் நான் யாருக்கும் பாரமில்லை" என்று சொல்லிக்கொண்டே படுப்பார்.

அந்த நேரத்தில்தான் தீ வந்தது.

அன்று காலை விரலில் ஒட்டியது வெள்ளைச் சாம்பல்தான். பெரியவள் நம்பிக்கையோடு வேலைக்குப் போனாள். மதிய இடைவேளையில் ஓடி வந்து மாமனாருக்குச் சோறு போட்டாள். முந்தின நாளே அவருடைய சட்டைகளை, தான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்து இஸ்திரியில் மடிப்புக் கலையாமல் தேய்த்து வைத்திருந்தாள். அவற்றைப் பையில் அடுக்கினாள். ரத்த அழுத்த மாத்திரையை மேலாக வைத்தாள்.

"போற இடத்துல அடம் பிடிக்காதீங்க மாமா. மாத்திரையைப் போட்டுக்கோங்க."

"போற இடமா? நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்மா. என்னமோ கப்பல் ஏத்தி விடற மாதிரி பேசறே."

"அங்க சாப்பாடு பிடிக்கலைன்னு ராத்திரி என் கதவைத் தட்டக் கூடாது."

"தட்டினா திறக்க மாட்டியா?"

"மாட்டேன்" என்றாள் பெரியவள், சிரித்துக்கொண்டே. மனிதர்கள் எதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள்.

பையைச் சின்னவளின் படியில் வைத்தாள். தன் வாசலைப் பூட்டினாள். மலை மேல் புகை நேற்றைவிடக் கொஞ்சம் கனமாகத் தெரிந்தது. ஆனால் புகை தினம்தான் இருந்தது. தினம் இருப்பதை எவ்வளவு நாள்தான் பயந்து பார்க்க முடியும்?

சலவைக்கூடம் ஊரின் கீழ்க்கோடியில் இருந்தது. விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுக்கும் இடம். பெரியவளுக்கு உருளை இயந்திரத்தில் வேலை. ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, சுருக்கமில்லாமல் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். மறுபுறம் அது அப்பளம் போல மொடமொடப்பாக வரும். தீக் காலத்தில் வேலை இரட்டிப்பு. முற்றத்தில் உலரும் வெள்ளைத் துணியில் சாம்பல் புள்ளி புள்ளியாக விழும். எல்லாவற்றையும் திரும்ப அலச வேண்டும்.

அன்று விரிப்புகளை உள்ளே எடுக்கப் போனவள் ஒரு விரிப்பின் நடுவில் முழு இலை ஒன்று கருப்பாகக் கிடப்பதைப் பார்த்தாள். அவள் கை அதைத் தொட்டபோது அது இன்னும் சூடாக இருந்தது.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி வண்டி கத்திக்கொண்டு போனது. சூப்பர்வைசர் அம்மா வேகமாக உள்ளே வந்தார்.

"காத்து திரும்பிடுச்சு. மேல்தெரு பூரா காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நம்ம வேனை அனுப்பறேன். வீட்ல ஆள் இருக்கறவங்க சீக்கிரம் சொல்லுங்க."

துணி மடிக்கிறவள் அழுதுகொண்டே, "எங்கம்மா சக்கர நாற்காலியில இருக்காங்க மேடம்" என்றாள். அவள் பெரியவளுக்கு அடுத்த வீடு.

"சரி. பெரியவளே, உங்க வீட்ல?"

பெரியவளின் கையில் விரிப்பு இருந்தது. அதன் இரண்டு முனைகளையும் சேர்த்தாள். போன கோடை அவள் நினைவுக்கு வந்தது. அப்போதும் இப்படித்தான் அபாய அறிவிப்பு வந்தது. அது சின்னவளின் மாதம். ஆனால் சின்னவள் யாரிடமும் சொல்லாமல் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். நடக்க முடியாத மனிதரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, புகையில் இருமி இருமி, மலைச்சாலை முழுக்க இறங்கியவள் பெரியவள். அன்று தீ வரவே இல்லை. சின்னவள் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அந்தக் கணக்கு பெரியவளின் மனதில் தீராமல் கிடந்தது. இன்றைக்கு அவள் பார்க்கட்டும். இன்றைக்கு ஒரு நாள் அவள் தோள் வலிக்கட்டும்.

"எங்க வீட்ல யாரும் இல்ல மேடம்" என்றாள். "மாமனார் இன்னையிலிருந்து சின்னவ பொறுப்பு."

"அவங்க கூட்டிட்டுப் போயிடுவாங்கள்ல?"

"வீட்லதான் இருக்கா. போயிடுவா."

வேன் போனது. பெரியவள் விரிப்பை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

பிறகு கீழ்த்தெருவையும் காலி பண்ணச் சொன்னார்கள். எல்லோரையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பெரியவள் போய்ச் சேர்ந்தபோது அந்தி. ஆனால் வானம் இருட்டாமல் பழுக்கக் காய்ச்சிய இரும்பு போல நின்றது. செல்போனில் சிக்னல் செத்துப் போயிருந்தது. வகுப்பறைகளில் பெஞ்சுகளை ஓரம் தள்ளி, போர்வை விரித்திருந்தார்கள். கரும்பலகையில் யாரோ ஒரு குழந்தை பாதி போட்ட கழித்தல் கணக்கு அப்படியே இருந்தது.

சின்னவள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, அதன் மூக்கில் இழுப்பு மருந்து. பக்கத்தில் மாமனாரின் பை. பெரியவள் அந்தப் பையைப் பார்த்ததும் நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். வந்துவிட்டார். கழிப்பறைக்குப் போயிருப்பார். கூடத்தின் மறுகோடியில், அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள். போய்ப் பேச அவளுடைய ரோஷம் விடவில்லை. அந்த ரோஷத்தை என்ன சொல்லித் திட்டுவது?

சின்னவள்தான் எழுந்து வந்தாள். கையில் மாத்திரை அட்டை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"அக்கா, மாமாவோட பை என்கிட்ட மாட்டிக்கிச்சு. மாத்திரை நேரம் ஆச்சே, அதான் கொண்டு வந்தேன்."

"என்கிட்ட ஏன் தர்ற? அவருக்கே குடு."

"எங்க இருக்கார்?"

"என்னைக் கேட்டா?"

"உங்ககூடதானே வந்தார்" என்றாள் சின்னவள். அவள் குரல் பாதியில் கீழே போனது. "உங்க கம்பெனி வேன் வாசல்ல நின்னுச்சே. சன்னல்ல பாத்தேன். குழந்தைக்கு மூச்சு வாங்குச்சு, நான் வெளிய வரல. கதவெல்லாம் சாத்தற சத்தம் கேட்டுச்சு. நீங்க அனுப்பியிருக்கீங்க, மாமாவை ஏத்திட்டாங்கன்னு..."

"அது பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வந்த வேன்" என்றாள் பெரியவள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மரத்துக்காகச் சண்டை போட்ட நாளுக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான். ஒருத்தி கண்ணில் இருந்ததை அடுத்தவள் படித்தாள். மாத்திரை அட்டை தரையில் விழுந்தது.

"கொட்டகையில பாக்கலையா நீ?"

"பாக்கலையே அக்கா. நான் வேலிக் கதவுல வெள்ளைத் துணியும் கட்டிட்டேன்."

அந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும் அந்தத் துணிக்கு என்ன பொருள் என்று. இந்த வீட்டில் ஆள் இல்லை, தட்டி நேரத்தை வீணாக்காதே, அடுத்த வீட்டுக்குப் போ.

பாலத்தடியில் சாலையை மறித்துத் தடுப்பு போட்டிருந்தார்கள். பெரியவளும் சின்னவளும் செருப்பு இல்லாமல் ஓடினார்கள். கடையிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த சின்னவளின் புருஷன் குழந்தையைத் தூக்கிக்கொண்டே பின்னால் ஓடி வந்தான். தீயணைப்பு அதிகாரி முகமெல்லாம் கரியாக நின்றிருந்தார்.

"அந்தத் தெரு காலிம்மா. ஒவ்வொரு வீடா பாத்தாச்சு. கடைசி வீட்ல வெள்ளைத் துணி."

"நான்தாங்க கட்டினேன்" என்றாள் சின்னவள். "தெரியாம கட்டிட்டேன். உள்ள எங்க மாமா இருக்கார். காது கேக்காதுங்க அவருக்கு. உங்க ஒலிபெருக்கி எதுவும் கேட்டிருக்காது."

அதிகாரி அவளைத் திட்டவில்லை. அதுதான் பெரியவளைக் கலங்க வைத்தது. அவர் திரும்பி வயர்லெஸ்ஸில் பேசினார். அந்தப் பக்கத்துக் கரகரப்பை நெடுநேரம் கேட்டார். மேலே போகும் சாலையில் மரங்கள் எரிந்து குறுக்கே விழுந்து கிடந்தன. வண்டி போக வழியில்லை. சின்னவளின் புருஷன் குழந்தையைப் பொண்டாட்டியிடம் திணித்துவிட்டுத் தடுப்பைத் தாண்டப் போனான். மூன்று பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். "எங்கப்பாடா, விடுங்கடா" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான், சத்தம் போடாமல், களைத்துப் போகிறவரை.

"கெட்டிக்காரர்மா உங்க மாமா. எங்கயாவது இறங்கி ஒதுங்கியிருப்பார்" என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். பெரியவள் தலையாட்டினாள். அந்த முழங்காலோடு அவர் எங்கே இறங்குவார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். போன கோடையில் அந்த உடம்பைச் சுமந்தது அவளுடைய தோள்.

விடிந்து, புகை கொஞ்சம் விலகிய பிறகுதான் ஆட்கள் மேலே போனார்கள்.

தெருவில் பாதி வீடுகள் சுவராக மட்டும் நின்றன. மரக் கொட்டகை இல்லை. தைல மரம் நின்ற இடத்தில் கரிக்கட்டை நின்றது. ஆனால் அந்தக் கடைசி வீடு, இரண்டு பாகமும், ஓடு உடையாமல் அப்படியே இருந்தது. வாரம் தவறாமல் வழித்த தகர வாய்க்காலில் ஒரு சருகு இல்லை. பொறிகள் விழுந்து தாமாக அணைந்திருந்தன. உள்ளே ஒரு திரைச்சீலைகூடப் பொசுங்கவில்லை. உள்ளே இருந்திருந்தால் பிழைத்திருப்பார்.

கிழவர் சின்னவளின் முன்படியில் உட்கார்ந்த வாக்கில் இருந்தார். தீ அவரைத் தொடவில்லை. புகைதான் போதுமாக இருந்தது. அதிகாரி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார். தூக்கம் கலைந்து அவர் முதலில் பெரியவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அந்தக் கதவில் கரிபடிந்த உள்ளங்கைத் தடங்கள் நிறைய இருந்தன. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்கு வந்திருக்கிறார். அங்கேயும் தடங்கள் இருந்தன, ஆனால் கொஞ்சமாக, கொஞ்சம் தாழ்வாக.

பெரியவளின் புருஷன் லாரியை எங்கோ பாதி வழியில் நிறுத்திவிட்டு, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். பிணவறைக்கு வெளியே தாழ்வாரத்தில் உறவும் தெருவும் கூடி நின்றது. சலவைக்கூடத்திலிருந்து சூப்பர்வைசர் அம்மாவும் வந்து தூணோரம் நின்றிருந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த பெரிய மகன், அழவில்லை. இரண்டு பெண்களுக்கும் முன்னால் வந்து நின்றார்.

"நேத்து அப்பா யார் பொறுப்பு?"

பெரியவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். வேன் போச்சு, கேட்டாங்க, நான்தான் யாரும் இல்லைன்னு சொன்னேன். அதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"என் பொறுப்புதான் மாமா" என்றாள் சின்னவள். கணவனின் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் காலைப் பார்த்துப் பேசினாள். "பை என் வீட்டுக்கு வந்தாச்சு. நான் போய் எழுப்பியிருக்கணும். துணி கட்டினதும் நான்தான். அக்கா மேல எதுவும் இல்ல."

பெரியவளின் உடம்புக்குள் ஏதோ ஒன்று இளகி இறங்கியது. அது நிம்மதி. ஒரே ஒரு நொடிதான் இருந்தது. தாகத்தில் செத்துக்கொண்டிருப்பவன் தொண்டையில் இறங்கும் முதல் மடக்கு போல, அவ்வளவு இனிப்பாக இருந்தது. அடுத்த நொடியே தனக்கு என்ன நேர்ந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் அதற்குள் கூட்டம் பேசத் தொடங்கிவிட்டது.

"குழந்தையைத் தூக்கத் தெரிஞ்சுது, பெரிய மனுஷனைப் பாக்கத் தெரியலையா?"

"உசிரோட இருக்கற ஆளுக்கு வெள்ளைத் துணி கட்டியிருக்கா பாரு, பாவி."

சின்னவளுடைய புருஷன்கூட அவள் பக்கத்திலிருந்து ஓரடி நகர்ந்து நின்றான். குழந்தை மட்டும் அவள் முந்தானையை விடவில்லை.

பெரியவள் தூணைப் பார்த்தாள். சூப்பர்வைசர் அம்மா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களாவது சொல்லுங்க மேடம் என்று அவள் கண் கெஞ்சியது. சொல்லிடாதீங்க மேடம் என்றும் அதே கண் கெஞ்சியது. அந்த அம்மா மெதுவாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

பெரியவள் மறுபடியும் வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு ஓலம்தான் வந்தது. மாமனாரை அவள் எப்படித் தாங்கினாள் என்று தெருவுக்கே தெரியும். எல்லோரும் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான்கு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள். முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். யாரோ தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார்கள்.

அவள் வாங்கிக் குடித்தாள்.